கூடம்தான் கோணல்

அந்த அச்சகத்தில் மை கிடையாது. இருந்ததெல்லாம் கெட்டிக் காகிதமும், அடுக்கடுக்காகத் துத்தநாகத் தகடுகளும், அந்தத் தகடுகளில் நாள் முழுவதும் டக்டக்கென்று புள்ளி குத்தும் இயந்திரமும்தான். பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பாடப்புத்தகங்கள் அங்கே பிரெயிலில் அச்சாயின. அங்கே பிழைதிருத்தும் வேலை பார்த்தவளுக்கு யாரோ ஒரு புண்ணியவான் ‘பிழையக்கா’ என்று பெயர் வைத்துவிட்டான். பிழை செய்கிற அக்கா என்றல்லவா அர்த்தம் வருகிறது என்று முதல் வருடம் அவள் சண்டை போட்டாள். பிறகு, என்ன பெயர் வைத்தாலும் சம்பளம் ஒன்றுதான் என்று விட்டுவிட்டாள்.

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. வயது நாற்பத்தொன்று, அச்சகத்தில் பதினெட்டு வருடம். அவள் விரலுக்குத் தப்பிப் போன புள்ளி ஒன்றைக் காட்டுங்கள் என்று யாராவது பந்தயம் கட்டினால் தோற்றுப்போவார்கள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வேலையில் அவளைக் குறை சொன்னவர் யாருமில்லை.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அச்சுப் புத்தகத்தை உரக்க வாசிப்பவளுக்கு ‘வானொலி’ என்று பெயர். கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லி வாசிப்பாள். நடுநடுவே கேட்காமலேயே சொந்த நிகழ்ச்சியும் உண்டு. அவள் வாசிக்க வாசிக்கப் பிழையக்காவின் விரல் பிரெயில் தாளில் கூடவே ஓடும். காதும் விரலும் ஒத்துப்போகாத இடத்தில் மேசையை ஒரு தட்டுத் தட்டுவாள். அங்கே பிழை என்று அர்த்தம். பக்கம் முழுக்கச் சரியாக இருந்தால் தன் ரப்பர் முத்திரையை ஓரத்தில் குத்துவாள். அந்த முத்திரை விழாத பக்கத்தின் தகட்டை அச்சு இயந்திரத்தில் ஏற்றக்கூடாது. அச்சகத்தில் யாரும் மீறாத ஒரே விதி அதுதான்.

அந்தத் திங்கட்கிழமை கையில் இருந்தது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல். உலகப்படம், கண்டங்கள், பழைய நாகரிகங்கள். வியாழக்கிழமை காலை பள்ளிகளுக்குப் புத்தகம் ஏற்றிப்போக வண்டி வந்துவிடும். மீதி இருந்தது கடைசிப் பகுதியான கலைச்சொற்களும் பயிற்சியும் மட்டுமே.

“தீபகற்பம், கோடு, மூன்று பக்கம் நீராலும் ஒரு பக்கம் நிலத்தாலும் சூழப்பட்ட பகுதி, முற்றுப்புள்ளி” என்றாள் வானொலி. “என் நிலைமைதான் அக்கா. மூணு பக்கம் மாமியார், நாத்தனார், ஓரகத்தி. ஒரு பக்கம்தான் அவரு. அதுவும் சேத்து நிலம், நம்பிக் கால் வைக்க முடியாது.”

“அடுத்தது.”

“பீடபூமி, கோடு, சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்து, கால்புள்ளி, மேலே தட்டையாக இருக்கும் நிலம், முற்றுப்புள்ளி. மெசபடோமியா, கோடு, இரண்டு நதிகளுக்கு நடுவே உள்ள நிலம், முற்றுப்புள்ளி. ஆப்பெழுத்து, கோடு, ஈரக் களிமண் பலகையில் குச்சியால் அழுத்தி எழுதப்பட்ட பழைய எழுத்து, முற்றுப்புள்ளி. பாத்தீங்களா, அந்தக் காலத்துலயே ஆப்பு வச்சிருக்காங்க.”

பிழையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “களிமண்ணுல அழுத்தி எழுதினா விரலால படிக்கலாம். அவங்க நம்ம ஆளுங்க. நீ சும்மா அவங்களைக் கிண்டல் பண்ணாத.”

கலைச்சொற்கள் முடிந்தன. பயிற்சி வந்தது.

“கேள்வி நான்கு. வரைபடத்தைப் பார்த்து விடை எழுதுக. மெசபடோமியாவிலிருந்து எகிப்து எந்தத் திசையில் உள்ளது, கேள்விக்குறி. விடைகள் பக்கத்துல, நான்கு, மேற்கு, முற்றுப்புள்ளி.”

பிழையக்காவின் விரலுக்குக் கீழேயும் ‘மேற்கு’ என்றுதான் இருந்தது. எழுத்து சரி. புள்ளி சரி. முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு அடுத்த பக்கம் போக வேண்டியதுதான். ஆனால் அவள் கை மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டது.

“எங்கக்கா பிழை?” என்று வானொலி புத்தகத்துக்குள் குனிந்தாள். “மேற்குன்னுதானே இருக்கு?”

“எழுத்துல இல்ல.”

“பின்னே?”

 எகிப்து எந்தத் திசை என்ற கேள்வி பிழையக்காவுக்கு முப்பது வருடப் பழக்கம். பதினோரு வயதில், பார்வையில்லாதவர் பள்ளியில், இதே கேள்விக்கு அவள் ‘கிழக்கு’ என்று எழுதினாள். டீச்சர் தப்பு என்றார். அவள் விடவில்லை. வரைபடத் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கே போய், “வலது பக்கம் கிழக்குன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? நைல் நதி வலது பக்கம்தானே இருக்கு, தொட்டுப் பாருங்க” என்றாள். டீச்சருக்குக் கண் இருந்தது, பிரெயில் தெரியாது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி. அவர் தொடவும் இல்லை, உற்றுப் பார்க்கவும் இல்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொன்னார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அவள் பெயர் ‘திசைகாட்டி’.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மேல் வகுப்புக்குப் போகும்போது வரலாறும் புவியியலும் படிக்கிறேன் என்று கேட்டாள். ‘இவளுக்குப் படம் வராது’ என்று சொல்லிப் பாட்டு வகுப்பில் போட்டார்கள். அவளுக்கு வராதது பாட்டுதான். அவள் வாயைத் திறந்தால் ஆர்மோனியம் வாசிப்பவர் கையை எடுத்துவிடுவார். இருந்தாலும் அவள் நம்பிவிட்டாள். எனக்கும் திசைக்கும் ஆகாது என்று தானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வரைபடம் என்றால் விரலை எடுத்துக்கொள்வாள். அச்சகத்திலும் படத் தகடுகள் பழையவை, ஒவ்வொரு பதிப்பிலும் அப்படியே போகிறவை, திருத்தத்துக்கு வருவதில்லை. வராமல் இருந்ததில் அவளுக்கு நிம்மதி.

இந்த முறை புதுப் பதிப்பு என்பதால் கேள்விக்குப் பக்கத்திலேயே படத் தாளையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து இங்கே வர இரண்டு பஸ், நான்கு திருப்பம், ஒரு மேம்பாலத்தின் அடிப்பாதை. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் வழி தவறியதில்லை. போன மாதம் மின்சாரம் போனபோது, கண்ணுள்ள பதினோரு பேரைக் கிடங்கின் இருட்டிலிருந்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவள்தான். அப்படிப்பட்டவளுக்கா வலது எது, இடது எது என்று தெரியாமல் போகும்?

டப்பாவை மூடினாள். படத் தாளை முன்னால் இழுத்தாள்.

“வானொலி, இங்க வா. அச்சுப் புத்தகத்துல இருக்கிற படத்தைப் பாரு. கதை கட்டாம, இடது ஓரத்துலேர்ந்து என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லு.”

“இடது ஓரத்துல நைல். மேல கடல்ல போய் விழுது. அப்புறம் செங்கடல். அப்புறம் பெரிய தீபகற்பம். அதுக்கு வலது பக்கம் வளைகுடா. மேலேர்ந்து ரெண்டு நதி இறங்கி வந்து அந்த வளைகுடாவுல விழுது. அவ்வளவுதான்.”

வானொலி சொல்லச் சொல்ல அவள் விரல் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் இரண்டு நதிகளும் வளைகுடாவும். நடுவில் தீபகற்பம். வலது ஓரத்தில், ‘நை’ என்ற எழுத்தோடு, நைல்.

பிரெயில் பலகையில் கையால் எழுதப் பழகும் குழந்தைக்கு முதல் நாள் சொல்லித்தருவது ஒன்று உண்டு. தாளின் முதுகில் குத்தினால் புள்ளி முகத்தில் எழும்பும். அதனால் வலமிருந்து இடமாக எழுது, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படி. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. எழுத்தை இயந்திரமே திருப்பிக் குத்திவிடும். படத்தைக் கையால் குத்துகிறவர்தான் மூலப்படத்தைத் தானே திருப்பி வைத்துக் குத்த வேண்டும். கண்ணுள்ள யாரோ ஒருவர் திருப்ப மறந்திருக்கிறார். கண்ணில்லாதவள் செய்யவே முடியாத பிழை அது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. நெஞ்சு முழுக்கக் கோபம்தான் வந்தது. முப்பது வருடம் முட்டாள் என்று ஒருத்தியைத் தனக்குள்ளேயே வளர்த்திருக்கிறாள். அந்த முட்டாள் இவள் இல்லை.

“அக்கா, அழறீங்களா?”

“இல்ல. எழுந்திரு. மேலாளர் ரூமுக்குப் போகணும்.”

மேலாளர் நல்லவர்தான். அவருக்கு ஒரே ஒரு கடவுள், வியாழக்கிழமை வண்டி. பிழையக்கா சொன்னதைக் கேட்டதும் தகட்டுப் பிரிவிலிருந்து தகட்டண்ணனைக் கூப்பிட்டார். படத் தகடுகளைக் கையால் குத்தும் மனிதர் அவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பழைய தகட்டைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

மேலாளர் குனிந்து பார்த்தார். “இதோ, நைல் இடது பக்கம்தானே இருக்கு? நம்ம புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. சரியாத்தானேம்மா இருக்கு?”

“சார், நீங்க பார்க்கிறது முதுகு” என்றாள் பிழையக்கா. “நாங்க படிக்கிறது முகம்.”

“அப்படின்னா?”

“வானொலி, பென்சில் குடு.”

படத் தாளைத் தகட்டின் பக்கத்தில் விரித்தாள். பென்சிலைப் படுக்கவைத்து, தாள் முழுக்க இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேய்த்தாள். எழும்பி நின்ற புள்ளிகளிலெல்லாம் கரி ஏறியது. வெள்ளையில் வெள்ளையாக முப்பது வருடம் ஒளிந்திருந்த படம் கறுப்பாக வெளியே வந்தது.

மேலாளர் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். 

“அட ராமா” என்றார். “உல்ட்டாவா இருக்கே.”

“கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய்னு சொல்வாங்க சார். எங்களுக்கு அதுல பாதிதான் ஆபத்து.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். யோசிப்பதற்கு அவருக்கு அரை நிமிடம் போதும். “சரி, இப்படிச் செய்யலாம். புதுத் தகடு போட நேரமில்ல. நாலாம் கேள்வியை எடுத்துடுவோம். ‘பார்வையற்ற மாணவர்களுக்கு இந்தக் கேள்வி இல்லை’ன்னு ஒரு வரி போட்டுடுவோம். படத்தையும் எடுத்துடுவோம். பிரச்சினையே இல்ல.”

அந்த வரியைப் பிழையக்கா தன் வாழ்க்கையில் எத்தனை முறை விரலால் கடந்திருப்பாள் என்று கணக்கில்லை. படம் வந்தால் அந்த வரி. வரைகோடு வந்தால் அந்த வரி. உலகத்தில் பாதியை அந்த ஒரு வரியால் மூடிவிடுவார்கள். அதையும் பிழையில்லாமல் மூட, முத்திரை குத்திக் கொடுத்தது அவள்தான்.

“எடுக்கக்கூடாது சார்.”

“ஏம்மா, ஒரே ஒரு கேள்விதானே?”

“பரீட்சையில அந்தக் கேள்வி வரும். கண்ணுள்ள பிள்ளை படம் பார்த்து எழுதும். எங்க பிள்ளை ‘இந்தக் கேள்வி இல்லை’ன்னு படிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். இல்லாட்டா இந்தப் படத்தைத் தொட்டுக் கிழக்குன்னு எழுதிட்டு முட்டாள்னு பேர் வாங்கும். ரெண்டும் வேண்டாம். படம் இருக்கணும். சரியா இருக்கணும்.”

“நேரம் எங்கம்மா இருக்கு? இன்னிக்குத் திங்கள்.”

“புதன் சாயந்திரம்வரை இருக்கு.”

“முடியலைன்னா?”

பிழையக்கா தன் பையைத் திறந்து, முத்திரையை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். “முடியலைன்னா இந்தப் பக்கத்துக்கு முத்திரை இல்ல. முத்திரை இல்லைன்னா வண்டி புத்தகம் இல்லாமத்தான் போகணும்.”

“பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறீங்களே!”

“முயலுக்கு நாலு கால்தான் சார். அதைத்தான் நானும் சொல்றேன். மூணு கால் முயலை முப்பது வருஷமா நீங்கதான் அச்சடிக்கிறீங்க.”

அதுவரை பேசாமல் இருந்த தகட்டண்ணன் தொண்டையைச் செருமினார். “சார், அது நான் போட்ட தகடு.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“இங்க வேலைக்குச் சேர்ந்ததும் நான் போட்ட முதல் படத் தகடு” என்றார். “அப்போ எனக்கு இருபத்துமூணு வயசு. அழகா வந்திருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னாங்கன்னு இப்பத்தான் புரியுது.” அன்றைக்கு அவருக்கு உண்டான பத்து வார்த்தை எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. “ரெண்டு நாள்ல நான் போட்டுத் தர்றேன்.”

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “புதன் சாயந்திரம் நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் கேள்வியை எடுத்துடுவேன்” என்று சொல்லி அனுப்பினார்.

தாழ்வாரத்தில் தகட்டண்ணன் அவள் பின்னாலேயே வந்தார். “நீங்க பார்வையில்லாதவர் பள்ளிக்கூடத்துலதானேம்மா படிச்சீங்க?”

“ஆமாம் அண்ணே. உங்க படத்தைத் தொட்டுத்தான் படிச்சேன். உங்களால முப்பது வருஷம் எனக்கு நானே முட்டாளா இருந்தேன்.”

“திட்டுங்கம்மா. வாங்கிக்கிறேன்.”

“திட்டுறேன். வியாழக்கிழமை திட்டுறேன். இப்போ நேரமில்ல. அதோட பதினெட்டு வருஷமா இதே கட்டடத்துல இருந்துக்கிட்டு, அந்தப் படத்தை ஒருதடவைகூடத் தொடாம இருந்தது நான். அதுக்கு என்னை யார் திட்டுறது?”

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேரும் தகட்டுப் பிரிவில் உட்கார்ந்தார்கள். சாம்பல் நிற ரப்பர் விரிப்பின்மேல் புதுத் தகடு, அதன்மேல் மெல்லிய தாளில் பிரதியெடுத்த படம், கையில் மழுங்கின உளியும் சின்னச் சுத்தியலும். நதி என்றால் நெருக்கமான புள்ளி, கடல் என்றால் தள்ளித் தள்ளி, நிலம் என்றால் வெறுமை. மத்தியானம்வரை தகட்டண்ணன் தலை நிமிரவில்லை. முடிந்ததும் தகட்டைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார். அவள் விரலை வைத்தாள். இடது ஓரத்தில் இரண்டு நதிகள்.

“அண்ணே.”

“என்னம்மா?”

“நைல் மறுபடியும் வலது பக்கம் போயிடுச்சு.”

விஷயம் இதுதான். இந்த முறை மறக்கக்கூடாது என்று படத்தைக் கவனமாகத் திருப்பி வைத்தார். டீ குடித்துவிட்டு வந்தவர், திருப்பினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை திருப்பி வைத்துவிட்டார். இரண்டு முறை திருப்பினால் திருப்பாததற்குச் சமம். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இதற்குத்தான் பொருந்தும். தகட்டண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வானொலி வாசலில் நின்று, “மேலாளர் கேட்டா என்ன சொல்றது?” என்று கிசுகிசுத்தாள்.

“வேலை நடக்குதுன்னு சொல்லு. பொய்யில்லையே” என்றாள் பிழையக்கா. “அண்ணே, எழுந்திருங்க. கண்ணை நம்பி இனிமே வேலை ஆகாது. ஒவ்வொரு நதியும் முடிஞ்சதும் எங்கிட்ட கொண்டு வாங்க. என் விரல் சரின்னு சொன்னா அடுத்த நதி.”

அப்படித்தான் நடந்தது. இன்னொரு புதுத் தகட்டில் முதலில் நைல் மட்டும். தகட்டைத் தூக்கி, திருப்பி, அவள் கையில் கொடுத்தார். இடது ஓரம். “சரி.” பிறகு செங்கடல். “சரி.” பிறகு வளைகுடா. செவ்வாய் முடிந்தது. புதன் காலை யூப்ரடீஸும் டைக்ரிஸும் வந்தன. அவள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“ரெண்டு நதியும் ஒட்டிக்கிட்டு இருக்கு அண்ணே. ஒரே நதி மாதிரி இருக்கு.”

“அச்சுப் படத்துல அப்படித்தான் பக்கம் பக்கமா இருக்கும்மா.”

“அச்சுல கண்ணு பிரிச்சுப் பார்த்துக்கும். விரலுக்கு இடம் வேணும். மெசபடோமியான்னா என்ன? ரெண்டு நதிக்கு நடுவுல இருக்கிற நிலம். ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் விரலைக் கொண்டுபோய் அங்க வச்சு, இதுதான் மெசபடோமியான்னு நிக்கணும். அதுக்கு நடுவுல இடம் விடுங்க.”

“அளவு மாறிடும்மா.”

“அளவு கொஞ்சம் மாறட்டும். பக்கம் மாறக்கூடாது.”

தகட்டண்ணன் சுத்தியலை எடுத்தார். பிறகு அந்த நதிகளின் புள்ளிகளைத் தட்டித் தட்டி அழுத்தி மறைத்துவிட்டு, புதிதாக இடம் விட்டுக் குத்தினார். கடைசியாக, அவள் கேட்டபடி, வலது ஓரத்தில் ‘கிழக்கு’, இடது ஓரத்தில் ‘மேற்கு’ என்று முழு எழுத்தில் இயந்திரத்தில் கொடுத்துப் பதித்தார். பழைய படத்தில் திசைக்கு எழுத்தே இருந்ததில்லை. இருந்திருந்தால் அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள்.

மூன்றரை மணிக்கு, புதுத் தகட்டில் வைத்துக் கையால் அழுத்தி எடுத்த சோதனைத் தாள் அவள் மேசைக்கு வந்தது. வானொலி எதிரே உட்கார்ந்தாள். “வாசிக்கட்டுமா அக்கா?”

“வாசி. படத்தையும் வாசி.”

“இடது ஓரத்துல மேற்குன்னு நானே பென்சிலால எழுதிக்கிட்டேன். அப்புறம் நைல்.”

நைல்.

“செங்கடல்.”

செங்கடல்.

“தீபகற்பம். நான்தான் அது” என்றாள் வானொலி. பிழையக்கா அவளை அதட்டவில்லை.

“ரெண்டு நதி.”

அவளுடைய சுட்டுவிரல் இரண்டு நதிகளுக்கும் நடுவே போய் நின்றது. இரண்டு பக்கமும் புள்ளிகள், நடுவில் மெத்தென்ற வெறும் தாள். பதினோரு வயதில் அவள் டீச்சரிடம் வாதாடிய இடம் இது. அதைத் தேடி வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை, அன்றைக்கே யாராவது படத்தைத் திருப்பியிருந்தால் போதும். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. “இங்க இருக்கு பாரு, இங்க இருக்கு பாரு” என்று நாலு தடவை சொன்னாள். பிறகு பையைத் திறந்து, முத்திரையை எடுத்து, ஓங்கிக் குத்தினாள்.

மேலாளர் தன் அறையில் அந்தத் தாளைப் பார்த்தார். இந்த முறை அவரே ஒரு பென்சிலைக் கேட்டு வாங்கி ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு” என்றார். “அப்போ முடிஞ்சுது.”

“முடியல சார். பழைய புத்தகம் எத்தனை பள்ளிக்கூடத்துல இருக்கு?”

“அது எதுக்கும்மா?”

“அங்கெல்லாம் இந்தப் புதுப் படத் தாளையும் ஒரு கடிதத்தையும் அனுப்பணும். ‘இதுவரை நாங்கள் கொடுத்த படம் இடம் வலமாக மாறியது. அதைத் தொட்டு எழுதிய பிள்ளைகள் எழுதியது தப்பில்லை’ன்னு.”

மேலாளர் சங்கடமாகச் சிரித்தார். “நாமே போய் நம்ம தப்பைத் தண்டோரா போடணுமா? முப்பது வருஷமா ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்தும் ஒரு புகார்கூட வரலையேம்மா.”

பிழையக்கா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“வந்துச்சு சார். நாங்கதான் பண்ணினோம். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலேர்ந்தும் எழுதிக் கொடுத்தோம். பரீட்சைத் தாள்ல. தப்புன்னு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டீங்க.”

 மேலாளர் மேசையில் கிடந்த கறுப்பேறிய பழைய தாளை எடுத்துப் புதுத் தாளின் பக்கத்தில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, காகிதத்தை எடுத்தார்.

“கடிதத்தைச் சொல்லுங்க. நான் எழுதுறேன். எனக்கு எழுத்துப்பிழை வரும், நீங்கதான் பார்த்துக்கணும்.”

கடிதம் எழுதி முடிக்க ஐந்து மணி ஆனது. ‘வருந்துகிறோம்’ என்று மேலாளர் எழுதிய இடத்தில் ‘தவறு எங்களுடையது’ என்று மாற்றச் சொன்னாள். அவர் மாற்றினார். தகட்டண்ணன் அந்தக் கடிதத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். ‘இந்த ஆளுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு, பேசிக்கிட்டே இருக்காரு’ என்று வானொலி வியந்தாள்.

வாசல் படியில் உட்கார்ந்து பிழையக்கா தன் பழைய சிநேகிதிக்குப் போன் போட்டாள். பள்ளியில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சு. இப்போது ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. அன்றைய பரீட்சையில் இவளிடம் காதோடு காதாக விடை கேட்டு எழுதி, அவளும் அந்த மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவள். முப்பது வருடமாகப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

“என்னடி திசைகாட்டி, வேலை நேரத்துல?” என்றாள் சிநேகிதி.

“எகிப்து எந்தத் திசைன்னு ஞாபகம் இருக்கா?”

“ஏன் இல்லாம? படத்துல வலது பக்கம். விடை மட்டும் மேற்கு. உன் பேச்சைக் கேட்டுத்தானே என் மார்க் போச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“கோணல்தான்டி.”

“என்னது?”

“கூடம்தான் கோணல். இன்னிக்கு நான் என் கையால தொட்டுப் பார்த்தேன். படத்தை உல்ட்டாவா அச்சடிச்சிருக்காங்க. நாம சரியாத்தான் எழுதினோம்.”

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ இணைப்புக்காகக் காத்திருந்தார்கள். சிநேகிதி எடுக்கவில்லை.

“அப்போ,” என்றாள் அவள், “நான் புவியியலை விட்டுட்டு டைப் படிக்கப் போனேனே, அது?”

பிழையக்காவுக்கு அது தெரியாது. முப்பது வருடத்தில் சிநேகிதி அதை ஒரு நாளும் சொன்னதில்லை. படியில் நகர்ந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இயந்திரம் புதுத் தகட்டை அச்சடிக்கத் தொடங்கியிருந்தது.

“நாளைக்கு லீவு போடு” என்றாள். “புதுப் படம் ஒண்ணு கொண்டு வர்றேன். முதல்லேர்ந்து தொடலாம்.”